அமிலம் பட்டால் வெந்துபோவது மட்டும்தானா? மாஸ்ட் செல்கள்: ஓர் எளிய விளக்கம்

பெங்களூரில் எங்கள் அல்சூர்ப் பக்கம் நெஞ்சு எரிந்தாலும் ‘கேஸ்ட்ரிக்’ என்பார்கள், முதுகு பிடித்துக்கொண்டாலும் ‘கேஸ்ட்ரிக்’ என்பார்கள். தோல் அரித்தால் ‘அலர்ஜி’. கழிவறை கழுவும் ஆசிட் கையில் தெறித்துச் சிவந்தால் ‘வெந்துவிட்டது’. அதோடு பேச்சு முடிந்துவிடும். நான் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் என்பதால் தெருவில் பலரும் என்னிடம் சந்தேகம் கேட்பது வழக்கம். எங்கள் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருவர் கேட்டது இது: “அக்கா, ஆசிட் பட்ட உடனே குழாயில் கையைக் காட்டிக் கழுவிவிட்டேன். எரிச்சல்கூட நின்றுவிட்டது. சாயங்காலம் ஏன் இப்படி வீங்குகிறது? ஆசிட் இன்னும் உள்ளே இருக்கிறதா?”

கேட்க வேண்டிய கேள்விதான். ஆசிட் உள்ளே இல்லை. நன்றாகக் கழுவியபோதே அது போய்விட்டது. சாயங்கால வீக்கத்தை உண்டாக்கியதில் பெரும் பங்கு அவருடைய சொந்த உடம்புக்கு உண்டு. தோலுக்கு அடியில் காத்திருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற ஒரு வகைச் செல்களும், அவை அழைத்துவந்த கூட்டமும் சேர்ந்து செய்த வேலை அது. அமிலம் திசுவை அரிக்கும் என்பது உண்மை. ஆனால் உடம்பு அமிலத்தை ஒரு செய்தியாகவும் எடுத்துக்கொள்கிறது என்பது நம் பேச்சில் வருவதே இல்லை. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டால், அமிலம் போன பிறகும் வேலை நடந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு அமிலம்?

ஒரு திரவம் எவ்வளவு அமிலத்தன்மை கொண்டது என்பதை அளக்கும் அளவுகோல் பி.எச். கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் பணிபுரிந்த சோரன்சன் 1909-இல் இதை உருவாக்கினார். தண்ணீரில் தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனிகள் எவ்வளவு என்பதைத்தான் இது சொல்கிறது. இந்த அயனியைப் புரோட்டான் என்றும் சொல்வார்கள். நடுநிலை 7. அதற்குக் கீழே போகப்போக அமிலம் கூடும். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு கூடும். இந்தப் பத்து மடங்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 7.4 என்பது 6.4 ஆனால் ஏதோ ஒன்று குறைந்ததாகத் தோன்றும். உண்மையில் புரோட்டான்கள் பத்து மடங்கு பெருகியிருக்கும்.

நம் ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. இரைப்பைச் சாறு 1.5 முதல் 3.5 வரை. எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 2. தோலின் மேற்பரப்பும் லேசான அமிலம்தான், 5-ஐ ஒட்டி இருக்கும். தோலின் மேல் 5, அதற்குச் சற்றுக் கீழே 7.4. இடையில் இருப்பது கெட்டியான ஒரு தடுப்பு. அந்தத் தடுப்பு இருக்கும்வரை மேலே உள்ள அமிலம் கீழே உள்ள செல்களுக்குத் தெரியாது.

இங்கே ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட வேண்டும். புளி, எலுமிச்சை, தயிர் சாப்பிட்டால் ‘ரத்தத்தில் ஆசிட் ஏறிவிடும்’ என்பது தவறு. நுரையீரல் கரியமில வாயுவை வெளியேற்றியும் சிறுநீரகம் புரோட்டான்களைக் கழித்தும் ரத்தத்தின் பி.எச். அளவை அந்தக் குறுகிய எல்லைக்குள் நிறுத்தி வைக்கின்றன. அந்த எல்லையை வெகுவாகத் தாண்டினால் அது தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டிய நோய். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீடு வீடாக வந்து ‘கார நீர்’ (ஆல்கலைன் வாட்டர்) இயந்திரம் விற்பவர்கள் இந்தப் பயத்தை வைத்துத்தான் வியாபாரம் செய்கிறார்கள். அவர்கள் தரும் கார நீர் இரைப்பையின் அமிலத்தில் விழுந்து அங்கேயே தன் காரத்தை இழந்துவிடும்.

ஆகவே, அமிலம் தொல்லை தருவது அது இருக்கக் கூடாத இடத்துக்கு வரும்போதுதான். இரைப்பைக்கு உரியது உணவுக்குழாயில் ஏறும்போது, பாட்டிலில் இருக்க வேண்டியது தோலில் படும்போது, அதன் புகை மூச்சுக்குழாயில் நுழையும்போது, அல்லது திசுவுக்குள்ளேயே அமிலம் ஊறித் தேங்கும்போது.

மாஸ்ட் செல்: யார், எங்கே?

ஜெர்மனியில் மருத்துவ மாணவராக இருந்த பால் எர்லிக், சாயங்களைக் கொண்டு திசுக்களைப் பார்த்தபோது, 1878-இல் தம் ஆய்வேட்டில் இந்தச் செல்களை விவரித்தார். அதே முறையில்தான் இன்றைக்கும் நாங்கள் பார்க்கிறோம். தோலின் மிக மெல்லிய சீவல் ஒன்றைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, டொலுடின் நீலம் என்ற சாயத்தில் நனைத்து எடுத்தால், எல்லாம் வெளிர்நீலமாகத் தெரியும். நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில செல்கள் மட்டும் செவ்வூதா நிறத்தில் பளிச்சென்று நிற்கும். சாயம் ஒன்றுதான், நிறம் மட்டும் வேறு. அந்தச் செல்களுக்குள் நெருக்கமாக அடைந்திருக்கும் துகள்களில் ஹெபாரின் என்ற பொருள் இருக்கிறது. அதன் எதிர்மின்னேற்றம் மிக அடர்த்தியானது என்பதால், சாய மூலக்கூறுகள் அதன்மேல் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அதனால் நிறம் மாறுகிறது. செல் தூண்டப்பட்டிருந்தால் அதன் ஓரம் கலைந்து, துகள்கள் வெளியே சிதறிக் கிடப்பதும் தெரியும். இவற்றை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை.

இவை இருக்கும் இடங்களைக் கவனியுங்கள். தோல், மூக்கு, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குடல். அதாவது வெளியுலகம் உடம்பைத் தொடும் எல்லைகள். அங்கேயும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்பு நுனிகளையும் ஒட்டியே நிற்கும். ரத்தக் குழாயோடும் நரம்போடும் இந்த நெருக்கம் இல்லாவிட்டால் பின்னால் சொல்லப்போகும் எதுவும் நடக்காது.

மூன்று வேகங்கள்

அல்சூரில் இருக்கும் ஒரு சின்ன மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். திடீரென்று ஒரு கூட்டம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஏற்கெனவே வெந்து பாத்திரத்தில் இருக்கும் இட்லி அந்த நிமிடமே இலைக்கு வரும். மாவு தயாராக இருக்கிறது, கல் காய்கிறது என்றால் தோசை சில நிமிடங்களில் வரும். கூட்டம் நிற்காமல் வந்தால், ரஸ்ஸல் மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பிக் காய்கறி வாங்கிப் புதிதாகச் சமைக்க வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். மாஸ்ட் செல் தூண்டப்பட்டால் நடப்பதும் இதே வரிசைதான்.

இட்லி என்பது துகள்களில் ஏற்கெனவே சேமித்து வைத்த சரக்கு. அதில் முக்கியமானது ஹிஸ்டமின். ரத்தக் குழாயை விரித்து, அதன் சுவரில் கசிவை உண்டாக்கி, நரம்பைத் தூண்டி அரிப்பைக் கிளப்பும் சிறிய மூலக்கூறு அது. சில நொடிகளிலேயே கொட்டத் தொடங்கிவிடும்.

தோசை என்பது செல்லின் கொழுப்புச் சவ்விலிருந்து உடனுக்குடன் வெட்டித் தயாரிக்கும் பொருள்கள்: புரோஸ்டாகிளாண்டின், லியூக்கோட்ரையீன். மூச்சுக்குழாயை இறுக்குவதில் ஹிஸ்டமினைவிட லியூக்கோட்ரையீன் பலமடங்கு வலிமையானது. மூலப்பொருள் கைவசம் இருப்பதால் சில நிமிடங்கள் போதும்.

மார்க்கெட்டுக்குப் போய்வந்து சமைப்பது சைட்டோகைன்கள். ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் செய்திப் புரதங்களை அப்படிச் சொல்கிறோம். இவற்றுக்கு மரபணுவைப் படித்துப் புதிதாகப் புரதம் செய்ய வேண்டும். (கொஞ்சம் முன்கூட்டியே சேமித்தும் வைத்திருக்கும், பெரும்பகுதி புதிதாகச் செய்வதுதான்.) அவை ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை அந்த இடத்துக்கு வரவழைக்கும். வந்தவை தங்கள் பங்குக்கு மேலும் வீக்கம் உண்டாக்கும்.

சிவப்பு, சூடு, வீக்கம், வலி ஆகியவை சேர்ந்த இந்த எதிர்வினைக்கு அழற்சி என்று பெயர். காலையில் கழுவிய கை மாலையில் வீங்குவதற்கு இப்போது காரணம் தெரிகிறது. காலையில் இட்லி, மாலையில் வந்தது மார்க்கெட் சமையல். அமிலம் ஏற்கெனவே சிதைத்துவிட்ட செல்களும் உள்ளே இருந்துகொண்டு தொடர்ந்து ஆள் கூப்பிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துகள்களைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். துகளின் உட்புறமே அமிலம்தான்; பி.எச். ஏறத்தாழ 5.5. நேர்மின்னேற்றம் கொண்ட ஹிஸ்டமினை எதிர்மின்னேற்றம் கொண்ட ஹெபாரின் அந்த அமிலச் சூழலில் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. துகள் வெளியே வந்து 7.4-ஐத் தொட்டவுடன் பிடி தளர்கிறது, ஹிஸ்டமின் கரைந்து போகிறது. வெளியே கலகத்தைத் தொடங்கும் அதே அமிலத்தன்மைதான் உள்ளே சரக்கைப் பூட்டி வைத்திருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மாஸ்ட் செல்கள் எல்லைகளில் இருக்கின்றன, தூண்டப்பட்டால் நொடிகளில், நிமிடங்களில், மணிகளில் என்று மூன்று தவணையாகப் பொருள்களை வெளியிடுகின்றன. இனி, அமிலம் அவற்றை எப்படித் தூண்டுகிறது என்பதற்கு வருவோம்.

செய்தி போகும் வழிகள்

அலர்ஜியில் மாஸ்ட் செல்லைத் தூண்டுவது ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதம். ஒரு குறிப்பிட்ட மகரந்தத்தையோ இறாலையோ அடையாளம் கண்டு அது செல்லைத் திறக்கும். அமிலத்துக்கு அப்படிப்பட்ட அடையாளம் தேவையில்லை. அதனால் ஆசிட் பட்டுச் சிவப்பதை ‘ஆசிட் அலர்ஜி’ என்பது பொருந்தாது. யாருக்குப் பட்டாலும் நடக்கும்.

முதல் வழி நரம்பு. நரம்பு நுனிகளில் டி.ஆர்.பி.வி.1 என்ற கதவு ஒன்று இருக்கிறது. ஒரு பொருளை உணர்ந்து செல்லுக்குள் செய்தி சொல்லும் இப்படிப்பட்ட புரதத்தை ஏற்பி என்பார்கள். இந்த ஏற்பியை 1997-இல் டேவிட் ஜூலியஸின் குழு மிளகாயின் காரப்பொருளைக் கொண்டு கண்டுபிடித்தது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய், ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேற்பட்ட சூடு, அமிலம் ஆகிய மூன்றுக்கும் அதே கதவுதான் திறக்கிறது. நெஞ்சில் அமிலம் ஏறும்போது நாம் அதை ‘எரிச்சல்’ என்று உணர்வதற்கு உடம்பில் நிஜமாகவே ஒரு காரணம் இருக்கிறது. திறந்த நரம்பு மூளைக்கு வலியைச் சொல்வதோடு நிற்பதில்லை. தன் நுனியிலேயே சப்ஸ்டன்ஸ் பி போன்ற பொருள்களைக் கசியவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் மாஸ்ட் செல்லில் அதை வாங்கிக்கொள்ளத் தனி ஏற்பி இருக்கிறது. துகள்கள் கொட்டுகின்றன. கொட்டிய ஹிஸ்டமின் திரும்ப நரம்பைத் தூண்டுகிறது. இருவரும் மாறி மாறிப் பேசிக்கொள்வதுபோல் இது நீளும்.

இரண்டாவது வழி, மேற்பரப்பில் உள்ள செல்கள். அமிலம் பட்டுச் சிதைந்த செல் உடைந்து, தன் உட்பொருள்களைச் சிந்துகிறது. ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறும் ஐ.எல்.-33 என்ற சைட்டோகைனும் அவற்றில் உண்டு. செல்லுக்குள் இருக்க வேண்டியவை வெளியே கிடந்தால் ஏதோ உடைந்துவிட்டது என்று பொருள். மாஸ்ட் செல் அதைப் புரிந்துகொள்கிறது. உடையாத செல்லும் தகவல் அனுப்பும் என்பது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. அமெரிக்காவின் டல்லஸில் 2009-இல் எலிகளிடம் செய்த ஆய்வில், இரைப்பையும் குடலும் அனுப்பும் திரவம் உணவுக்குழாயில் ஏறும்படி செய்தார்கள். அமிலம் மேலிருந்து அரிக்கிறது என்றால் புண் மேற்பரப்பில் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் வெள்ளை அணுக்கள் முதலில் ஆழத்தில்தான் கூடின. மேற்பரப்புப் புண் வாரங்கள் கழித்தே வந்தது. அதே குழு 2016-இல், அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்திய நோயாளிகளிடமும் இதைப் போன்ற தோற்றத்தைக் கண்டது. அங்கே கூடியவை லிம்போசைட் என்ற வேறு வகை அணுக்கள், மாஸ்ட் செல்கள் அல்ல. ஆனாலும், அமிலம் செய்தியாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

மாஸ்ட் செல்லையே நேரடியாகப் பார்த்த ஆய்வும் உண்டு. கனடாவில் 1990-களின் நடுவில் ஒபாசம் என்ற விலங்கின் உணவுக்குழாயில் அமிலத்தைச் செலுத்தினார்கள். மாஸ்ட் செல்கள் துகள்களைக் கொட்டின. அதிலிருந்து வந்த ஹிஸ்டமின் அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டியது. கூடுதல் ரத்தம் அமிலத்தை நடுநிலையாக்கும் பைகார்பனேட்டைக் கொண்டுவரும், புரோட்டான்களை அடித்துச் செல்லும். அழற்சி பகையல்ல, காவலுக்கு எழுந்தது அடங்காமல் போகும்போதுதான் தொல்லை.

மூன்றாவது வழி, மாஸ்ட் செல்லே அமிலத்தை உணர்வது. செல்களின் மேற்பரப்பில் புரோட்டானை உணரும் ஏற்பிகளின் ஒரு குடும்பம் இருப்பது 2003-இல் தெரியவந்தது. அவற்றில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் பல இடங்களில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பி.எச். 7.4-இலிருந்து 6-ஐ நோக்கி இறங்கும்போது புரோட்டான் அதில் ஒட்டிக்கொள்ள, ஏற்பியின் வடிவம் மாறுகிறது. (ஹிஸ்டமினை உடம்பு தயாரிப்பதும் இதே ஹிஸ்டிடினிலிருந்துதான்.) இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பிகள் மாஸ்ட் செல்களிலும் உண்டு.

சுவிட்ச் அல்ல, திருகு

புரோட்டானை உணரும் அந்த ஏற்பி தூண்டப்பட்டால் மாஸ்ட் செல் உடனே வெடித்துக் கொட்டிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள். அவ்வளவு நேரானதல்ல. எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த எலியின் மாஸ்ட் செல்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் அமிலச் சூழலில் வைத்து ஐ.ஜி.இ. வழியாகத் தூண்டினார்கள். ஐ.எல்.-6, ஐ.எல்.-13 என்ற இரண்டு சைட்டோகைன்கள் கூடுதலாக வந்தன என்று 2015-இல் வெளியிட்டார்கள். அதாவது அமிலம் ஏற்கெனவே ஒலித்த பாட்டின் சத்தத்தைக் கூட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வேறு குழு எதிர்த்திசையில் ஒன்றைக் கண்டது: லாக்டிக் அமிலம், ஐ.எல்.-33 தூண்டிய மாஸ்ட் செல்களை அடக்கியது. 2019-இல் ஐ.ஜி.இ. தூண்டலிலும் லாக்டிக் அமிலம் அடக்குகிறது என்று அதே குழு காட்டியது. எந்த அமிலம், எவ்வளவு நேரம், உடன் வந்த தூண்டல் எது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. ‘அமிலம் = மாஸ்ட் செல் வெடிப்பு’ என்று ஒரே வரியில் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

லாக்டிக் அமிலம் எங்கிருந்து வருகிறது? அழற்சியிலிருந்தே வருகிறது. வந்து குவிந்த வெள்ளை அணுக்கள் சர்க்கரையை வேகமாக எரித்து லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. வீங்கிய திசுவில் ரத்த ஓட்டம் அதை அகற்றத் திணறுகிறது. அங்கே பி.எச். 7-க்கும் கீழே இறங்கலாம். சீழ் கட்டிய பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி சரியாக வேலை செய்யாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அமிலச் சூழலில் அந்த மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்றுவிடுவதால் நரம்பின் சவ்வைத் தாண்ட முடிவதில்லை. பல் மருத்துவர் ‘இப்போது பிடுங்க வேண்டாம், முதலில் வீக்கம் வடியட்டும்’ என்று அனுப்பினால் அவர் சாக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள்.

இந்தப் பகுதியின் சாரம்: அமிலச் செய்தி நரம்பு வழியாகவும், மேற்பரப்புச் செல்கள் வழியாகவும், நேரடியாகவும் மாஸ்ட் செல்லை அடைகிறது, முதல் இரண்டும் துகளைக் கொட்டவைக்கக் கூடியவை, மூன்றாவது பெரும்பாலும் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது.

அரிப்பு மாத்திரை ஏன் போதவில்லை?

மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும் செட்டிரிசின், ஹிஸ்டமின் அமரும் எச்1 ஏற்பியை மட்டும் மறிக்கிறது. இட்லியை நிறுத்தினால் தோசை நிற்காது, மார்க்கெட் சமையலும் நிற்காது. லியூக்கோட்ரையீனை மறிக்க மாண்டெலுகாஸ்ட் வேறு, சைட்டோகைனை அடக்க ஸ்டீராய்டு வேறு. எது எப்போது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்குத் தரும் பேமோட்டிடினும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துதான் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. இரைப்பையில் அமிலம் சுரக்கச் சொல்வதும் ஹிஸ்டமினே. அங்கே அது அமரும் எச்2 ஏற்பி வேறு, அதை அங்கே வெளியிடும் செல்களும் பெரும்பாலும் மாஸ்ட் செல்கள் அல்ல. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி மருந்து உருவாக்கியதற்காக ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாஸ்ட் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகும் மாஸ்டோசைட்டோசிஸ் என்ற அரிய நோயில் இரண்டும் இணைந்துவிடும்: ஹிஸ்டமின் வழிந்து, இரைப்பை அமிலம் கூடி, புண்ணே வந்துவிடும்.

ஆசிட் பட்டுவிட்டால்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் மின்முலாம் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கும், வீட்டில் ஆசிட் ஊற்றிக் கழுவுபவர்களுக்கும் இதுவரை சொன்னதிலிருந்து சில நேரடிக் காரியங்கள் உண்டு. தோலில் பட்டால் துணியையும் வளையலையும் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். எரிச்சல் நின்றதும் கையை எடுத்துவிடாதீர்கள். சமையல் சோடாவோ சுண்ணாம்போ தடவாதீர்கள். நடுநிலையாகும்போது வெளிவரும் சூடும் சுண்ணாம்பின் காரமும் புது அழற்சியைத் தொடங்கும். கண்ணில் தெறித்தால் இமையைத் திறந்து பிடித்து அதேபோல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். பெங்களூரில் கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் கண்ணுக்கு மின்டோ அரசு மருத்துவமனையும், தீக்காயத்துக்கும் ஆசிட் காயத்துக்கும் விக்டோரியா மருத்துவமனையின் தனிப் பிரிவும் இருக்கின்றன.

ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே கழிவறையில் ஒன்றன்பின் ஒன்றாகக்கூட ஊற்றக் கூடாது. அந்தப் புகையையோ ஆசிட் புகையையோ இழுத்துவிட்டவர், வெளியே வந்து இருமல் நின்றதும் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பார். அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நுரையீரலிலும் மூன்றாவது தவணை சில மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. இரவில் மூச்சு இறுகலாம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் சில மணி நேரம் கண்காணிப்பில் இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கும்போது மூச்சில் விசில் சத்தமோ திணறலோ தொடங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். என்ன ஆசிட் என்று மருத்துவர் கேட்பார். பாட்டிலை நன்றாக மூடி ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள்.